பூனையின் அக்கியும் நம் ஐந்து வார லீவும்

சங்கரன்கோவிலில் சித்தப்பா மகள் கல்யாணம். தாலி கட்டி முடிந்து பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். இலையில் அவியல் விழுந்த நேரத்தில் போன் அடித்தது. +45 என்று தொடங்கும் டென்மார்க் எண். எடுத்தால், விபோர்க்கில் எங்கள் பூனையை விட்டுவிட்டு வந்த பூனை விடுதிக்காரம்மா. "சுண்டல் இடது கண்ணைத் திறக்கவே இல்லை. நேற்றிலிருந்து தும்முகிறது. சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. டாக்டரிடம் காட்டட்டுமா?"

நான் டேனிஷில் பதில் சொல்லி முடிக்கும்வரை பந்தியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "என்ன மாப்ளே, ஆபீஸ் போனா?" என்று கேட்டார் மாமா. "இல்ல மாமா, பூனைக்குக் கண்ணு சரியில்லையாம்." அவ்வளவுதான். "ஏய், பூனைக்குக் கண்ணு வலின்னு டென்மார்க்குல இருந்து போன் வருதுய்யா!" என்று மாமா எடுத்துவிட, ரசம் ஊற்ற வந்தவர்கூடச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் மண்டபம் முழுக்க அந்தக் கதை பரவிவிட்டது.

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் ராத்திரி படுத்திருக்கும்போது விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சுண்டலை விடுதியில் விட்டு அன்றைக்கு ஒன்பதாவது நாள். அந்த ஒன்பது தற்செயல் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சுண்டல் எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. மகளின் நச்சரிப்பு தாங்காமல் ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து கூட்டிவந்தோம். அப்போதே அதற்கு மூன்று வயது, அதற்குள் இரண்டு வீடு பார்த்த பூனை. "சில சமயம் ஒரு கண்ணில் நீர் வடியும், பயந்தால் தும்மும்" என்று காப்பகத்தில் ஒரு பெண் சொன்னார். மகள் ஏற்கனவே அதை மடியில் வைத்துப் பேர் வைத்துவிட்டாள். நாங்கள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். சாஃப்ட்வேரோடு 'தெரிந்த குறைகள்' என்று ஒரு பட்டியல் வரும். அதை எழுதுகிற நானே அதைப் படிப்பதில்லை.

முதல் குளிர்காலத்திலேயே அந்தப் பட்டியல் வேலையைக் காட்டியது. கண் சிவந்து வீங்கி, மூக்கிலிருந்து மஞ்சளாக ஒழுக ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு "ஹெர்பிஸ் வைரஸ்" என்றார். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வார்த்தை நம்ம ஊரில் நல்ல வார்த்தை இல்லையே. வீட்டில் எட்டு வயசுப் பிள்ளை இருக்கிறாள், ராத்திரி பூனை அவள் தலையணையில்தான் தூங்குகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பயத்துக்கு அவசியமே இல்லை என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. புரியவைத்தது எங்கள் ஊர் அக்கிதான். சின்ன வயசில் அம்மை போட்ட ஆளுக்கு, வயதான பிறகு இடுப்பிலோ முதுகிலோ வரிசையாகக் கொப்புளம் வரும். எங்கள் பக்கம் குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய், காவி குழைத்து 'அக்கி எழுதி' வருவார்கள். சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸின் வேலை. அம்மை இறங்கியதும் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. முப்பது, நாற்பது வருஷம் கழித்து உடம்பு தளரும்போது எழுந்து வருகிறது. பூனையின் ஹெர்பிஸ் வைரஸ், நம் சின்னம்மை வைரஸ் சேர்ந்திருக்கும் அதே பேரினத்தைச் சேர்ந்தது, கிட்டத்தட்டப் பங்காளி. குட்டியாக இருக்கும்போது, பெரும்பாலும் தாயிடமிருந்து தொற்றுகிறது. கண், மூக்கு, தொண்டை என்று ஒரு சுற்று வந்துவிட்டு, முகத்துக்குப் போகும் நரம்பின் முடிச்சில் தங்கிவிடுகிறது. அப்படி ஒருமுறை தொற்றிய பூனைகளில் பெரும்பாலானவை ஆயுள் முழுக்க அதைச் சுமக்கின்றன. இதைத் துடைத்து எடுக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் இதை முதலில் பிரித்தெடுத்தது 1950களின் கடைசியில். வைரஸ் அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே பூனைகளோடு இருந்திருக்கும்.

பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது பூனைக் குடும்பத்தைத் தாண்டி வராது. பிள்ளைக்கு ஒட்டாது, கர்ப்பிணிக்கு ஒட்டாது, நாய்க்கும் ஒட்டாது. டென்மார்க்கில் இதைப் பொதுவாகப் 'பூனை இன்ஃபுளுவென்சா' என்று சொல்கிறார்கள், இன்ஃபுளுவென்சாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றாலும். இந்த வைரஸும் கலிசி என்ற இன்னொரு வைரஸும், சில நேரம் பாக்டீரியாவும் சேர்ந்து தரும் தொல்லைக்குப் பொதுப்பெயர் அது.

பக்கத்து வீட்டு டேனிஷ் பெரியவரிடம் இதைச் சொன்னபோது ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விபோர்க் நகராட்சிக்குள்ளேயே இருக்கிறது கொல்வ்ரோ. 2020 நவம்பரில் கொரோனா வைரஸ் மாறுபாட்டுக்குப் பயந்து நாட்டின் மிங்க் பண்ணைகளில் இருந்த ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொல்ல உத்தரவு வந்தபோது, லட்சக்கணக்கானவற்றை அங்கேயும் ஹொல்ஸ்டபுரோ பக்கமும் குழிவெட்டிப் புதைத்தார்கள். பிறகு அடுத்த வருஷம் தோண்டி எடுத்து எரித்தார்கள். விலங்கு, வைரஸ் என்ற இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னால் இந்தப் பகுதி ஆட்களுக்கு அதுதான் ஞாபகத்துக்கு வரும். 'இது உங்களுக்கு வராது' என்று மூன்று தரம் சொன்ன பிறகுதான் பெரியவர் காபிக்கு உட்கார்ந்தார்.

நோய் என்ன என்று தெரிந்துகொண்டது சுலபம். நாம் பழகிய கைவைத்தியத்தை அடக்கிக்கொள்வதுதான் கஷ்டம்.

ஊரிலிருந்து கொண்டுவரும் மருந்துப் பை நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. இங்கே டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாளாகும், கிடைத்தாலும் "வெயிட் பண்ணிப் பார்க்கலாம்" என்பார் என்று தெரிந்து, வருஷா வருஷம் நிரப்பிக்கொண்டு வருகிறோம். எங்கள் பையில் ஒரு கண் சொட்டு மருந்து இருந்தது. மகளுக்கு 'மெட்ராஸ் ஐ' வந்தபோது ஊர் மெடிக்கலில் வாங்கியது. சுண்டலுக்கு முதல்முறை கண் சிவந்தபோது வெள்ளிக்கிழமை ராத்திரி. திங்கள்கிழமைதான் டாக்டர். நான் அந்தச் சொட்டைப் போட்டேன். ரெண்டு நாளும் போட்டேன். சிவப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, பெருமையாகக்கூட இருந்தது.

திங்கள்கிழமை டாக்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாயத்தைக் கண்ணில் விட்டு, விளக்கை அணைத்து, நீல ஒளியில் பார்க்கச் சொன்னார். கருவிழிமேல் மரக்கிளை மாதிரிப் பச்சையாக ஒரு கோடு ஒளிர்ந்தது. அது புண். வைரஸ் கருவிழியைத் தின்ற தடம். நான் போட்ட சொட்டில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் இருந்தது. ஸ்டீராய்டு என்ன செய்யும்? வீக்கத்தையும் சிவப்பையும் குறைக்கும், கூடவே வைரஸை எதிர்க்கும் காவலையும் படுக்கவைக்கும். கருவிழியில் புண் இருக்கும்போது அதைப் போடுவது, வீடு எரியும்போது அலாரத்தின் ஒயரைப் பிடுங்கிவிடுவது மாதிரி. டாக்டர் திட்டவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார். கண் பிழைத்தது. ஆனால் இடது கருவிழியின் ஓரத்தில் பால் தெளித்த மாதிரி ஒரு தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. அது வைரஸ் பாதி, நான் பாதி.

அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பூனையின் கண் சிவந்திருந்தால், புண் இருக்கிறதா என்று சாயம் விட்டுப் பார்க்காமல் எந்த மனிதக் கண் மருந்தையும் போடாதீர்கள். கண்ணைச் சுருக்கி மூடிக்கொண்டே இருந்தால் அது வலி. அதற்குத் திங்கள்கிழமை வரை காத்திருக்கக் கூடாது, விடுமுறை நாள் அவசர மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். நான் செய்திருக்க வேண்டியதும் அதுதான்.

அடுத்து பனோடில். டென்மார்க்கில் இருக்கும் தமிழர்கள் கூடினால் சொல்லிச் சிரிக்கும் பழைய ஜோக், எந்த வியாதி என்று போனாலும் டாக்டர் பனோடிலும் தண்ணியும் சாப்பிடச் சொல்வார் என்பது. ஊரில் க்ரோசின், டோலோ, இலங்கையில் பனடோல், எல்லாம் ஒரே பாராசிட்டமால். ஜுரத்தில் சுருண்டு கிடக்கும் பூனையைப் பார்த்து "ஒரு கால் மாத்திரை பொடிச்சுக் குடுக்கலாமா?" என்று கேட்காத அம்மா இல்லை. என் அம்மாவும் கேட்டார். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வழி சரியாகக் கிடையாது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். கால் மாத்திரையும் வேண்டாம்.

தைலமும் அப்படித்தான். மூக்கடைப்பு என்றால் ஆவி பிடிப்பது நம் ரத்தத்தில் ஊறியது. ஆவி தப்பில்லை. நான் குளிக்கும்போது சுண்டலையும் குளியலறையில் பத்து நிமிஷம் உட்காரவைக்கிறேன். ஷவரின் வெந்நீர் ஆவியில் மூக்கு இளகுகிறது. ஆனால் அதில் யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், விக்ஸ் எதுவும் கூடாது. பூனைக்கு இவை விஷம். மேலில் பட்டதை நக்கி உள்ளே தள்ளிவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் நோய் கிளம்பிய நாட்களில் வேண்டாம். மனைவி பூஜையறைக் கதவைச் சாத்திவிட்டு ஊதுபத்தியைப் பாதியில் அணைக்கிறாள். சாமி கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் எனக்கு டேனிஷ் டாக்டர்கள் மீது முதலில் எரிச்சல்தான் வந்தது. மூக்கில் மஞ்சளாக ஒழுகுகிறது, ஒரு கோர்ஸ் எழுதித் தந்தால் என்ன? இந்த நாடு 1995இலிருந்து மனிதர், கால்நடை இரண்டிலும் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டையும் எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகளையும் வருஷா வருஷம் கணக்கெடுத்து வெளியிடுகிறது. பன்றிப் பண்ணைகளை நம்பி வாழும் நாடு என்பதால் அதில் சும்மா இருக்க முடியாது. விபோர்க்குக்குப் பக்கத்தில் ஃபோலுமில் ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தின் கால்நடை ஆராய்ச்சி வளாகம் இருக்கிறது. அங்கே மாடும் பன்றியும்தான் ராஜா, பூனை இல்லை. ஆனாலும் அந்த ஒழுங்கு பூனைக்கும் வருகிறது. வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. பின்னாலேயே பாக்டீரியா புகுந்துகொண்டால் மட்டும் எழுதுகிறார்கள். அதுதான் சரி என்று இப்போது எனக்கும் படுகிறது.

லைசின் கதை வேறு. அது ஒரு அமினோ அமிலம், பூனைக் கடைகளில் பசையாகவும் பொடியாகவும் விற்கிறார்கள். வைரஸ் பெருக அர்ஜினின் வேண்டும், லைசின் கொடுத்தால் அது குறையும் என்பது கணக்கு. ஒரு வருஷம் வாங்கிக் கொட்டினேன். 2015இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள், இது பூனைகளில் வேலை செய்வதற்கு ஆதாரம் இல்லை, நிறுத்திவிடுங்கள் என்று எழுதிவிட்டார்கள். தவிர, அர்ஜினின் இல்லாத ஒரு வேளை உணவே பூனைக்கு ஆபத்து. அதைக் குறைப்பதற்காக ஒன்றைக் கொடுப்பதே வினோதமான யோசனைதான். இன்னும் கடைகளில் விற்கிறது. வாங்குகிறவர் இருந்தால் விற்காமல் என்ன செய்வார்கள்?

உண்மையில் உதவுவது கொஞ்சம்தான். ஃபாம்சிக்ளோவிர் என்ற மாத்திரை. மனிதர்களின் அக்கிக்காக வந்தது, பூனைக்கும் ஒத்துக்கொள்கிறது. கால்நடை மருத்துவர் எடை பார்த்து எழுதித்தர, அபோதேக்கில் வாங்குகிறோம். இதைப் படித்துவிட்டு ஊர் மெடிக்கலில் 'அதே மாதிரி' ஒன்றைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். அதே குடும்பத்து வாலாசிக்ளோவிர் மனிதனுக்கு மருந்து, பூனைக்கு உயிர்க்கொல்லி. கண்ணுக்குத் தனியாக வைரஸ் எதிர்ப்புச் சொட்டுகள் உண்டு, அவையும் டாக்டர் தருவதுதான். மீதியெல்லாம் வீட்டு வேலை. கண்ணில் பொருக்கு கட்டினால் வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் பஞ்சை நனைத்துத் துடைப்பது. மூக்கு அடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. அதனால் மீனைக் கொஞ்சம் சூடுபண்ணி, மணம் கிளம்ப வைப்பது. ஒரு முழு நாள் வாயில் ஒன்றும் வைக்கவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுகிறோம். சில நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறி, அது தனி நோயாகிவிடும். குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். தடுப்பூசியும் தவறாமல் போடுகிறோம். அது வைரஸை விரட்டாது, உள்ளே தங்குவதையும் தடுக்காது, வந்தால் வேகத்தைக் குறைக்கும்.

இப்போது அந்த ஒன்பதாவது நாளுக்கு வருகிறேன்.

படுத்திருக்கும் வைரஸை எழுப்புவது பூனையின் பதற்றம். புது இடம், தெரியாத பூனைகளின் வாடை, கூண்டு, பயணம். பதற்றம் தொடங்கிய அன்றைக்கே ஒன்றும் தெரியாது. சுமார் ஒரு வாரம் கழித்துத்தான் வைரஸ் வெளியே வர ஆரம்பிக்கும், ஒன்று இரண்டு வாரம் வரை வந்துகொண்டிருக்கும். என்னிடம் சுண்டலின் நான்கு வருஷக் கணக்கு ஒரு எக்செல் ஷீட்டில் இருக்கிறது. சிரிக்காதீர்கள், தொழில் புத்தி. ஐந்து முறை பெரிதாக வந்திருக்கிறது. வந்து சேர்ந்த முதல் குளிர்காலம் ஒன்று. வீடு மாறியபோது ஒன்று. என் மாமனார் மாமியார் வந்து மூன்று மாதம் தங்கியபோது ஒன்று, அவர்கள் இருந்த அறைதான் அதன் அறை. மீதி இரண்டும் நாங்கள் ஊருக்குப் போனபோது. ஐந்தில் ஒன்றுகூட அது பாட்டுக்கு வந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முன்னால் போய்ப் பார்த்தால், நாங்கள் ஏதோ செய்திருக்கிறோம்.

ஆக, இந்த நோயைச் சமாளிப்பது என்றால் முக்கால்வாசி நம் காலண்டரைச் சமாளிப்பதுதான். அங்கேதான் நம்ம ஆட்களுக்கு இடிக்கிறது. டென்மார்க்கில் சட்டப்படி வருஷத்துக்கு ஐந்து வாரம் லீவு. டேனிஷ்காரர் மூன்று வாரம் கோடைவீட்டுக்குப் போவார், முடிந்தால் பூனையையும் காரில் போட்டுக்கொண்டு போவார். நாம் அத்தனை லீவையும் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் ஊருக்குப் போகிறவர்கள். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம், அப்பாவின் கண் ஆபரேஷன், எல்லாம் அந்த ஐந்து வாரத்தில். பூனை அந்த ஐந்து வாரமும் விடுதியில். பெரும்பாலும் விடுதிகள் தடுப்பூசி கேட்பார்கள், சுத்தமாகவும் வைத்திருப்பார்கள். ஆனால் தடுப்பூசி போட்ட பூனையும் வைரஸை வெளியே விடும். கோடையில் ஒரு கூரையின் கீழ் இருபது பூனை இருந்தால் அதில் எத்தனை இதைச் சுமக்கிறதோ! என் சுண்டல் அங்கே நோயாளியாக மட்டும் இல்லை, நோய் கொடுக்கிறவளாகவும் இருந்திருப்பாள். விடுதியில் சேர்க்கும்போது நான் அதைச் சொல்லவில்லை. சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்ற பயம். இதை எழுதும்போதுதான் முதல்முறை வெளியே சொல்கிறேன்.

இதைவிட எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் இருக்கும் நம்ம ஐடி ஆட்களின் வாட்ஸப் குழுக்களில் அடிக்கடி வரும் செய்தி: "அடுத்த மாதம் இந்தியா திரும்புகிறோம். சோபா, மைக்ரோவேவ், பூனை. பூனை இலவசம்." ரெண்டு வருஷ கான்ட்ராக்டில் வந்து, பிள்ளை கேட்டது என்று பூனை வாங்கி, கான்ட்ராக்ட் முடிந்ததும் அடுத்த குடும்பத்துக்குத் தள்ளிவிடுவது. அந்தக் குடும்பமும் ஒன்றரை வருஷத்தில் நெதர்லாந்துக்கோ ஜெர்மனிக்கோ போகும். இந்த வைரஸைச் சுமக்கும் பூனைக்கு ஒவ்வொரு புது வீடும் ஒரு புது நோய். அதைவிட மோசம், கொடுக்கிறவர் கண் நீர் வடிவதைச் சொல்வதே இல்லை, சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று. வாங்கியவர் ஒரு மாதம் கழித்து ரெண்டாயிரம் குரோனருக்கு மேல் பில்லைப் பார்த்துவிட்டு அதிர்ச்சியடைகிறார். காப்பீடும் பொதுவாக, ஏற்கனவே இருந்த நோய்க்குக் கை கொடுக்காது. அப்புறம் அந்தப் பூனை காப்பகத்துக்குப் போகிறது. எங்கள் சுண்டலுக்கு முன் இருந்த அந்த இரண்டு வீடு யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

என் கருத்து கொஞ்சம் கறாராக இருக்கும். எத்தனை வருஷம் இங்கே இருப்போம் என்று தெரியாதவர்கள் பூனை வளர்க்க வேண்டாம். பிள்ளை அழும், அழட்டும். ஏற்கனவே இருக்கிறதா? கூடக் கூட்டிப்போவதற்கு வழி இருக்கிறது. இந்தியாவுக்கு விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் அனுமதி, மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி என்று ஃபைல் தயார் செய்ய வேண்டும். ஐரோப்பாவுக்குத் திரும்பிவரும் எண்ணம் இருந்தால், கிளம்பும் முன்பே இங்கே அந்தத் தடுப்பூசிக்கான ரத்தப் பரிசோதனையையும் முடித்துவிடுவது நல்லது. இந்தியாவில் போய் எடுத்தால், ரத்தம் எடுத்த பிறகு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். விசாவுக்கு இதைவிடக் கஷ்டமான ஃபாரங்களை நிரப்பியவர்கள்தானே நாம். முடியவே முடியாது என்றால், கொடுக்கும்போது உள்ளதைச் சொல்லிக் கொடுங்கள். எந்தக் கண், எந்த மருந்து, கடைசியாக எப்போது வந்தது என்று ஒரு தாளில் எழுதி.

மாமா கல்யாண வீட்டில் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். சிரித்து முடித்த பிறகு, வெற்றிலை போட்டுக்கொண்டே: "இந்தப் பூனைக்கு வருஷத்துக்கு எவ்வளவுடா ஆகும்?" சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார். "நம்ம தெருவுல கண்ணு ஒட்டுன குட்டி எத்தன செத்திருக்கு. நீதான் கொண்டுபோய்க் குப்பமேட்டுல போடுவ." உண்மைதான். மழைக்காலத்தில் கண் ரெண்டும் சீழ் கட்டி ஒட்டிப்போய், தாயைத் தேடிச் சுற்றிச் சுற்றி வரும் குட்டிகள். வெந்நீரில் துணி நனைத்து நான் துடைத்துவிட்டதும் உண்டு. "அது பொழைக்காது, விட்டுரு" என்று பாட்டி சொன்னால் விட்டுவிட்டதும் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு இதே நோயாகத்தான் இருந்திருக்கும். மாமாவுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பணத்தில் ஊரில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டலாம். ஆனால் நான் சேமித்திருந்தால் கட்டியிருப்பேனா என்றால், அதுவும் சந்தேகம்தான்.

விபோர்க்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அண்ணா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், ரிட்டையர் ஆகிவிட்டார். சுண்டலின் பில்லைக் கேட்டுவிட்டு ஆரம்பத்தில் அவரும், "உது தடிமன்தானே தம்பி, ரெண்டு நாளில மாறியிடும். ஏன் உவ்வளவு காசைக் கொண்டுபோய்க் குடுக்கிறீங்கள்?" என்றுதான் கேட்டார். போன மாதம் ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது, இனி விடுதியில் விட மனசில்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு, "தொண்ணூற்றஞ்சில இடம்பெயரேக்க எங்கட பூனை வாசலில நிண்டது. கூப்பிட்டால் பின்னால வந்திடும் எண்டு ஒருத்தரும் கூப்பிடேல்ல. அதுக்குப் பிறகு நான் ஒண்டும் வளர்க்கேல்ல" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "திறப்பைத் தந்திட்டுப் போங்கோ" என்றார்.

பூனைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அதன் வீடு, அதன் ஜன்னல், அதன் மணல் தட்டு. மாறுவது ஆள் மட்டும். அதுவும் தெரிந்த ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. அதனால் இப்போதே வாரத்துக்கு இரண்டு நாள் சாயங்காலம் அண்ணா வருகிறார், டீ குடிக்கிறார், சுண்டலுக்கு அவர் கையால் மீன் வைக்கிறார். முதல் நாள் சுண்டல் சோபாவுக்கு அடியில். நாலாவது தடவை அவர் செருப்பை முகர்ந்து பார்த்தது. நம் குடும்பங்களுக்குள் இப்படி மாற்றி மாற்றிச் செய்துகொள்ளலாம். கைச்செலவுக்குக் காசு தேடும் காலேஜ் பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். விடுதிக்குக் கொடுப்பதில் பாதியைக் கொடுத்தாலே சந்தோஷமாக வருவார்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் அண்ணாவுக்காக ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். கண்ணைச் சுருக்கினால் யாருக்குப் போன் செய்வது, மாத்திரை எந்த டப்பா, பனோடில் கொடுக்கவே கூடாது, விலங்கு அவசரத்துக்கு 1812. அண்ணா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். "எல்லாம் சரி தம்பி, இது எத்தினை மணிக்குச் சாப்பிடும் எண்டு எழுதேல்லையே" என்றார். பேனாவை எடுத்துக் கீழே அவரே எழுதிவைத்தார்: காலை 7, பின்னேரம் 5.